வேற வேற ஊர்

நண்டு ஓட்டுக்குள் சுடுசோற்றைப் போட்டு, சின்னக் கரண்டியால் இடுக்கெல்லாம் வழித்துப் பிசைந்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார் என் கணவர். சோயாச் சாற்றில் இரண்டு நாள் ஊறிய பச்சை நண்டு. சோறு முழுக்க நண்டின் மஞ்சள் சினை ஒட்டியிருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் எனக்கு இப்படிச் செய்ததில்லை. வீட்டில் நண்டு வாங்கினால் ஓடு அவர் தட்டுக்குத்தான் போகும். யாரும் தீர்மானித்து வைத்ததல்ல, அப்படியே பழகிவிட்டது. நான் கால்களைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

“ரொம்ப நன்றிங்க,” என்றேன். அதுவும் எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை.

கொரியாவின் தென்கரை ஊரான யோசுவில் அந்தத் தெரு முழுக்க நண்டுக் கடைகள்தான். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் கடைக்கார அம்மாவும் இன்னொருத்தியும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

“இவுக புருஷன் பொண்டாட்டி இல்ல.”

“எத வச்சுச் சொல்ற?”

“கட்டுனவன் எவனாச்சும் ஓட்டத் தூக்கிப் பொண்டாட்டிக்குக் குடுப்பானா? நன்றி வேற சொல்லுது அந்தப் பொம்பள.”

எனக்குக் காது சூடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சோறு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைக்கார அம்மா ஒரு கிண்ணத்தில் இன்னும் இரண்டு நண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் மேஜையோரமாகவே நின்றாள்.

“எந்தூர்ல இருந்து வாரீக?”

“ஜொன்ஜு,” என்றேன்.

“ரெண்டு பேருமேயா?”

தலையை நிமிர்த்தாமல் என் கணவர் பதில் சொன்னார். “இல்லங்க. வேற வேற ஊரு.”

அந்த அம்மா அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டிச் சிரித்தாள். “நான் சொல்லல?” என்று பூண்டு உரிப்பவளைப் பார்த்துக் கத்தினாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. நண்டின் காலை இரண்டாக ஒடித்து, சதை வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது வேடிக்கைக்கா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு கணக்கில் அது உண்மையும்தான்.

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஆறு வருடம் அவரை சாங்வொனில் போட்டிருந்தார்கள். வெள்ளி இரவு வருவார், ஞாயிறு சாயங்காலம் போவார். வாரக் கடைசிப் புருஷன் என்று நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கேலி செய்வார்கள். அந்த ஆறு வருடமும் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. போன வருடம் மாற்றல் கிடைத்து அவர் வீட்டோடு வந்துவிட்டார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் அன்று அவருக்குப் பிடித்த விலா எலும்புக் குழம்பு வைத்தேன். ஒரு மாதத்திற்குள் தெரிந்துவிட்டது, அவரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் யாரோ விருந்தாளி வந்தது போல எழுந்து நிற்பேன். அவரும் தன் வீட்டுச் சோபாவில் நுனியில்தான் உட்காருவார். புருஷன் திரும்பி வந்ததுதான் பிரச்சினை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம் நான்தான் சொன்னேன். பிரிந்துவிடலாமா என்று. அவர் கையிலிருந்த கால்சட்டையை மடித்து முடித்து, அடுக்கில் வைத்துவிட்டு, “சரி” என்றார். சண்டை வந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கலாம். இருவரும் சேர்ந்தே நீதிமன்றத்துக்குப் போய் மனுக் கொடுத்தோம். ஒரு மாதம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை நேரில் போய், மனம் மாறவில்லை என்று இருவரும் வாயால் சொல்லிவிட்டால் முடிந்தது.

மகனிடம் சொல்லவில்லை. ஷியோன் பட்டாளத்தில் இருக்கிறான், வடக்கே எல்லையோரம். பனியில் காவல் நிற்கிற பிள்ளையிடம் ஃபோனில் சொல்லுகிற விஷயமா இது, அடுத்த லீவில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து அவன் யோசுவில் கடல் பார்த்த அறை ஒன்று பிடித்து, ரயில் டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டான். ‘ரெண்டு பேரும் போய் நல்லா சாப்பிட்டுட்டு, ராத்திரி கூடாரக் கடைக்கும் போயிட்டு வாங்க’ என்று எழுதியிருந்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். எங்களிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. வந்துவிட்டோம்.

“இரு, ஷியோனுக்கு ஒரு போட்டோ,” என்று வெறும் ஓடுகளைப் படம் எடுத்தார் என் கணவர். பிறகு என்னையும் எடுத்தார். நான் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன்.

அறையில் ஒரே ஒரு பெரிய கட்டில். வெள்ளை விரிப்பின் மேல் துண்டுகளை அன்னம் மாதிரி மடித்து, இரண்டு அன்னங்களின் மூக்கையும் ஒட்ட வைத்திருந்தார்கள். என் கணவர் அவற்றைக் கலைக்காமல் அப்படியே தூக்கி மேஜை மேல் வைத்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பாலத்தைப் படம் எடுத்தார். நான் இந்தப் பக்கம் படுத்தேன், அவர் அந்தப் பக்கம். நடுவில் இன்னொரு ஆள் படுக்கலாம். கண்ணாடிக் கடைக்குச் சிலர் வருவார்கள், எந்தக் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாலும் “எல்லாம் ஒண்ணுதான்” என்பார்கள். அவர்களை நான் உள்ளுக்குள் திட்டுவதுண்டு. அன்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மனதுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இவர் இல்லாத வீடு. இவர் இருக்கிற வீடு. வேறு ஒருவர் இருக்கிற வீடு. எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

“முதுகு வலிக்குதா?” என்றார் சுவரைப் பார்த்தபடி.

“இல்லயே.”

“ரயில்ல சாஞ்சே உக்காரல நீ.”

கவனித்திருக்கிறார். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்பது மட்டும் தோன்றியது.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினோம். பாலத்துக்கு அடியில் கரையோரமாகக் கூடாரக் கடைகள் வரிசையாக விளக்குப் போட்டிருந்தன. எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே சாப்பாடுதான். சூடான இரும்புத் தட்டில் ஆக்டோபஸ், பன்றி இறைச்சி, புளித்த கோஸ் கிம்ச்சி மூன்றையும் ஒன்றாகப் போட்டு மேஜை அடுப்பிலேயே வறுக்க வைப்பார்கள். இளம் ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு ஒரு நீள மேஜையின் ஓரத்தில் இடம் கிடைத்தது. மறுபாதியில் மலையேறும் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேர், எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஊதாவும் ரோஜா நிறமுமாக மேல்சட்டை போட்டுக்கொண்டு, ஏற்கெனவே நான்கு சோஜு மதுப் பாட்டிலைக் காலி செய்திருந்தார்கள். என் கணவர் எனக்கு ஒரு கோப்பை ஊற்றிவிட்டுக் கழிப்பறை தேடிப் போனார். அவர் போனதும் என் ஃபோன் அடித்தது. ஷியோன்.

சிறிய திரையில் மொட்டைத் தலை, பெரிய காது. “அம்மா, என்ன சாப்பிடறீங்க? காட்டுங்க.”

ஃபோனைத் தட்டின் மேல் பிடித்தேன். ஆக்டோபஸின் ஒரு கை இன்னும் சுருண்டு விரிந்துகொண்டிருந்தது.

“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இல்லடா, பாத்ரூம் போயிருக்காரு. வரச் சொல்லவா?”

“வேணாம்.” தனக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். “அம்மா, வியாழக்கிழம விஷயம் எனக்குத் தெரியும்.”

நான் ஃபோனை முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

“யார் சொன்னா?”

“அப்பாதான். போன மாசம் என்னப் பாக்க வந்தாருல்ல, அப்ப.”

போன மாதம் அவர் போனது எனக்குத் தெரியாது. வடக்கே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

“அழுதாரா?” ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“இல்லம்மா. பொரிச்ச கோழி வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் சாப்பிட்டோம். எலும்பெல்லாம் பொறுக்கிப் பையில போட்டு முடிச்சுப் போட்டுட்டு, அப்புறம் சொன்னாரு. அம்மாகிட்ட எதுவும் கேக்காத, அம்மாவுக்கு ஏற்கெனவே கஷ்டம்னாரு.”

“பின்ன எதுக்குடா ரூம் போட்ட? நாங்க மனசு மாறிடுவோம்னா?”

“அதெல்லாம் இல்ல.” அவன் காதைச் சொறிந்துகொண்டான். சின்ன வயதிலிருந்தே அவன் வெட்கப்பட்டால் அப்படித்தான். “மாறச் சொல்லலம்மா. நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கயும் போனதே இல்ல. எல்லா போட்டோலயும் நான் நடுவுல நிக்கிறேன். ஒருதடவ நான் இல்லாம போயிட்டு வரட்டுமேன்னுதான். வேற ஒண்ணும் இல்ல.”

தட்டுக்கு அடியில் எரிந்த தீயைக் கொஞ்சம் குறைத்தேன்.

“நல்லாருக்காம்மா?”

“எது?”

“ஆக்டோபஸ்.”

“நல்லாருக்குடா.”

“சரி, தலை எண்ணக் கூப்பிடறாங்க. வெச்சிடறேன்.”

திரை இருண்டது. ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அழுகை, கோபம், மார்பில் ஒரு வலி, எதுவானாலும் பரவாயில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு நாக்கால் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பாலத்தின் விளக்குகள் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறின. தட்டில் கொழுப்பு உருகித் தெறித்தது.

என் கணவர் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். “பையன் கூப்பிட்டானா?”

“ம்.”

“என்ன சொன்னான்?”

“ஆக்டோபஸ் காட்டச் சொன்னான்.”

அவர் தலையை ஆட்டினார். கத்தரிக்கோலை எடுத்து, ஆக்டோபஸைச் சின்னச் சின்னதாக வெட்டி, நன்றாக வெந்ததை எல்லாம் என் பக்கமாக ஒதுக்கினார். காலையிலிருந்து படம் படமாக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது எதற்கு? பையனுக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியும். ஒன்றும் அறியாத பிள்ளைக்கு ஒரு நல்ல நாளைக் காட்டுகிறோம் என்று கரண்டியைத் தூக்கிக் காட்டியது நான் மட்டும்தான். என்னை அப்படியே நம்பவிட்டிருக்கிறார். இப்போது எனக்கும் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் “சரி” என்பார்.

“வியாழக்கிழம காலைல நானே வண்டி எடுத்துடறேன்,” என்றார். “தனித்தனியா போக வேணாம். அங்க வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.”

“சரி,” என்றேன் நான்.

கரையோர நடைபாதையில் ஒருவன் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். அதுவரை மெல்லிய காதல் பாட்டுகள். யாரோ கேட்டதும், பழைய துள்ளல் பாட்டு ஒன்றுக்குத் தாவினான். மலையேறும் சங்கம் எழுந்தது. போகிற போக்கில் ஒரு ரோஜா நிறச் சட்டை என் கணவரின் முழங்கையைப் பிடித்தது. “வாய்யா, தம்பி. ஆம்பள இல்லாம ஆட்டம் சவசவன்னு இருக்கு. உன் ஆள நாங்க ஒண்ணும் தூக்கிட்டுப் போயிட மாட்டோம்,” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மறுப்பார் என்று நினைத்தேன். எழுந்து போனார்.

முதலில் சும்மா கை தட்டிக்கொண்டு நின்றார். பிறகு தோள் அசைந்தது. பிறகு, முழங்கைகளை மடித்து, கால் மாற்றி, அரைச் சுற்றுத் திரும்பி, சரியான தாளத்தில் ஒரு அடி பின்னால் வைத்தார். சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். இந்த அடிகள் இவருக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது பார்த்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். சாங்வொனில் ஆறு வருடம் இவருக்குச் சாயங்காலங்கள் இருந்திருக்கின்றன. அவற்றை என்ன செய்தீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அவரும் என்னுடைய சாயங்காலங்களைக் கேட்டதில்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்த மனிதர் வியர்த்து, மூச்சு வாங்கி ஆடிக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். தெருவில் போகிற ஒருவரைப் பார்த்து நினைப்பது போல அதை நினைத்தேன்.

ஐவரில் ஒருத்தி மட்டும் எழுந்து போகவில்லை. முட்டி சரியில்லை என்று, உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள்.

“நல்லா ஆடுறாரு. வீட்டுக்காரரா?”

“ஆமா,” என்றேன். இடுக்கியை எடுத்து இறைச்சியைத் திருப்பிப் போட்டேன். “வியாழக்கிழம வரைக்கும்.”

இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தங்கையிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் பாட்டு நிற்கவில்லை, கடல் அங்கேயே கிடந்தது. அந்த அம்மா என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஐயோ பாவம் என்றோ, யோசித்துப் பாருங்கள் என்றோ சொல்லவில்லை.

“அடிப்பாரா?” என்றாள்.

“இல்ல.”

“வேற பொம்பள?”

“இல்ல.”

“அப்ப ரொம்பக் கஷ்டந்தான்,” என்று தன் கோப்பையை எடுத்துக் குடித்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் ஆட்டத்தைப் பார்த்தோம்.

பாட்டு கடைசிக்கு வந்து, நிற்காமல் அடுத்ததைத் தொட்டது. பெண்கள் ஓவென்று கத்தினார்கள். அந்த வட்டத்துக்குள் இருந்து என் கணவர் திரும்பி எங்கள் மேஜையைப் பார்த்தார். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. கையை நீட்டினார். வா என்று அழைக்கும் நீட்டல்தானா, ஆட்டத்திலேயே அடுத்ததாக வருகிற ஒரு அசைவா என்று அங்கிருந்து தெரியவில்லை. கை மட்டும் அப்படியே நின்றது. விளக்குகள் மாறியபோது உள்ளங்கை ஒரு கணம் சிவப்பாகவும் பிறகு வெள்ளையாகவும் தெரிந்தது.

“கருகுது பாருங்க,” என்றேன், யாரிடம் என்று இல்லாமல்.

“நான் பாத்துக்கிறேன்,” என்று அந்த அம்மா என் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டாள்.

என் கையில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் இன்னும் விரியவில்லை. எதையோ பிடித்திருப்பது போலவே, தட்டின் சூட்டுக்கு மேலே, மடங்கியபடி இருந்தன.