யாக்கோபின் பத்தியம்

வேனின் பின்கதவைத் திறந்து யாக்கோபை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில், "என் பொண்டாட்டி சமையலுக்குப் பயந்து பூனைகூட எங்க வீட்டுப் பக்கம் வராது" என்று ஊர் சிரிக்கச் சொல்லிவிட்டு, சந்தையில் அகோக் என்ற இனிப்புப் பணியாரம் சுட்டு விற்கும் நொரியாவை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு போனவன். இப்போது நாற்காலிக்குள் அடங்காத உடம்பு. வலது காலில் கட்டு, கட்டிலிருந்து வீச்சம். "அவரைத் தூக்கி உட்கார வைக்க எனக்குத் தெம்பில்ல" என்று நொரியா சொல்லி அனுப்பியிருந்தாள்.

முதல் மனைவி சலாமா கதவை அகலத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜைத்தோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மனசு யாருக்கு வரும், அக்கா!" இத்தனை வருடம் காத்திருந்தது தானாக வாசலுக்கு வந்திருக்கிறது என்று மட்டும் சலாமா நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி அவன் கணுக்காலில் கருவியை வைத்து நாடித்துடிப்பைத் தேடினாள். கரகரப்புத்தான் கேட்டது.

"ரத்தக்குழாயோட உள்பக்கம் வழவழன்னு இருக்கணும், மாமா. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து அதைக் கெடுத்துத் தடிக்க வெச்சிருச்சு. ரத்தமே எறங்கலன்னா புண் எப்படி ஆறும்?"

அடைத்திருந்த குழாயை விரித்துவிட்டார்கள். இனிமேல் வாயைக் கட்டாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்தாள். இனிப்பு, சிகரெட் இரண்டும் கூடாது. எடை குறைய வேண்டும். புண் ஆறியதும் தினம் நடக்க வேண்டும்.

"வீட்ல யார் பாத்துக்குவாங்க?"

"நான்" என்றாள் சலாமா.

டாக்டர் சொன்னதில் ஓர் எழுத்து பிசகவில்லை. அவித்த வெண்டைக்காய், உப்புக் குறைத்த மீன், கைப்பிடிச் சோறு. அவன் பசியோடு எழுந்து பசியோடு தூங்கினான்.

"தேத்தண்ணியில ஒரு கரண்டி சீனி போடேன்."

"டாக்டர் கூடாதுன்னாங்களே, அபாங்."

சாயங்காலம் சந்தைக்குப் போய் நொரியாவின் கடை முன்னால் அகோக் வாங்க நிற்பாள். முதல் நாள் நொரியாவின் கை அடுப்புத் தணலுக்கு மேல் அப்படியே நின்றது. "அவருக்கா?"

"எனக்குத்தான்."

வீட்டுக்கு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து, பனைவெல்லப் பாகு சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாகத் தின்பாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவான். "எங்க திரும்பறீங்க? பேசிக்கிட்டிருப்போமே" என்பாள். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே நாள் முழுவதும் வேலை செய்தாள்.

மாதங்கள் போயின. அவன் சதை கரைந்தது. புண் இளஞ்சிவப்பாக மூடியது. கைத்தடி பிடித்துப் பள்ளிவாசல் வரை நடந்தான். ஊர் சலாமாவைக் கொண்டாடியது. ஆனால் அவன் பார்வை அகோக் பொட்டலத்தில் முன்போல் நிலைப்பதில்லை. அவள் தின்னும்போது அவன் பாட்டுக்கு செய்தித்தாள் படித்தான். அதனால் அவள் இன்னும் அதிகம் வாங்கினாள். சாரோங் இடுப்பில் எட்டவில்லை. தாகம் அடங்கவில்லை. வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்னவாக இருக்கும் என்று யோசிக்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். யாக்கோப் செய்தித்தாளை இறக்கிவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தான். அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"என்ன, நாக்கு ஊறுதா?"

"சலாமா, கீழ பாரு."

சமையலறையிலிருந்து அவள் நிற்கும் இடம் வரை சிமெண்டுத் தரையில் சிவப்புத் தடங்கள். அவன் எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தான். தரையில் மண்டியிட்டு, அவள் குதிகாலைத் தூக்கி, காலையில் அவள் கைதவறி உடைத்த கிண்ணத்தின் சில்லு ஒன்றை உருவி எடுத்தான்.

"வலிக்கலையா?"

"எதுக்கு வலிக்கணும்?" என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது." அவன் குரலில் கேலி இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று பிடிபடவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். இனிமே உன்னை நான் பாத்துக்கறேன்."

சில்லை எடுத்த பிறகும் அவன் காலை விடவில்லை. சலாமா குனிந்து பார்த்தாள். அவனுடைய பத்து விரல்களும் அவள் பாதத்தைச் சுற்றியிருந்தன. இறுக்கிப் பிடித்திருக்கிறானா, மெதுவாகத்தான் பிடித்திருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.