பீரோ கேட்ட மறுசண்டை

ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்துக்கான சண்டை முடிய இன்னும் நாற்பது நொடி இருந்தது. பத்து ரவுண்டில் ஒன்பது முடிந்து, புள்ளி போடும் மூன்று நீதிபதிகளின் தாளிலும் அவன்தான் முன்னால் இருந்தான். மேடை மூலையில் நின்ற அவன் அக்கா, "கிட்டப் போகாதே! சுத்திக்கிட்டே இரு, போதும்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் காதில் விழுந்தது. விழுந்தும் கிட்டப் போனான். எதிராளியின் இடது கை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, தாடையில் இறங்கியது. அடுத்து அவன் பார்த்தது கூரை விளக்குகளை. நடுவர் "எட்டு" என்றபோது ஒரு முழங்காலை ஊன்றியிருந்தான். "பத்து" என்றபோதும் அதே முழங்காலில்தான் இருந்தான்.

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. நூற்றுப் பதினான்கு கிலோ உடம்பு. ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு தனியாளாக நாலு மாடி ஏறுவான். பீரோ என்று பெயர் வைத்தது அங்கேதான். டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்து வேலைக்குப் போன அன்று லாரி டிரைவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன பீரோ, கதவு கழண்டுடுச்சாமே?"

"கதவுதான் அண்ணே. பூட்டு அப்படியே இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை, சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரோமோட்டர் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்ற நாட்களில் ஊரார் காயத்துக்குக் கட்டுப்போடுவாள். சண்டை நாட்களில் தம்பியின் காயத்துக்கு. சமையலறை மேஜையில் ஒரு கடிதத்தை விரித்தார் புரோமோட்டர்.

"நடுவர் வேகமா எண்ணிட்டார்னு இதுல எழுதியிருக்கு. பத்து எண்ண ஒன்பது செகண்டுதான் ஆச்சுன்னு. கையெழுத்தைப் போடு. முடிவு ரத்தாகும், மூணு மாசத்துல மறுசண்டை."

"நானும் வீடியோவை வச்சுப் பாத்தேன் சார். பத்தரை செகண்டு. அரை செகண்டு சும்மா கொடுத்திருக்கார் மனுஷன்."

"நீ மயக்கத்துல இருந்தே. உனக்கென்ன தெரியும்?"

"காது நல்லாத்தான் கேட்டுச்சு. கால்தான் வரல."

புரோமோட்டர் பேனாவை மேஜையில் தட்டினார். "அப்போ எதைச் சொல்லி மறுசண்டை கேப்பே?"

"அவனைவிட நான் நல்லா சண்டை போடுறவன்னு சொல்லி."

"தோத்தவன் பேசுற பேச்சாடா இது!" கடிதத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அதுவரை பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "ஏன்டா கிட்டப் போனே? ஓடியிருந்தா இந்நேரம் பட்டம் இந்த வீட்டுல இருந்திருக்கும்."

"அவன் கால் தள்ளாடுச்சுக்கா. விழுந்துடுவான்னு தோணுச்சு."

"விழுந்தது யாரு?"

அவன் தாடையைத் தடவிக்கொண்டான்.

"மறுபடியும் அதே நாப்பது செகண்டு வந்தா என்ன பண்ணுவே?"

"போவேன். வலது கையைத் தாடையை விட்டு இறக்காம போவேன்."

அவள் தலையில் ஒன்று போட ஓங்கினாள். தலைக்கு அடி ஆகாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்ததும் தோளில் போட்டாள்.

மறுசண்டை கேட்டு அவனே மனு கொடுத்தான். குத்துச்சண்டைச் சங்கத்தின் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. தலைவி, செயலாளர், மருத்துவர் என்று மூவர். எதிரே பட்டம் வென்றவனும் அவனுடைய மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நடுவர் தப்பு பண்ணினாரா?" என்று கேட்டார் தலைவி.

"இல்லைங்க."

"எதிராளி விதியை மீறினாரா?"

"இல்லைங்க. நல்ல அடி. என் கை கீழே இருந்துச்சு, போட்டுட்டாரு."

"அப்புறம் எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஒன்பது ரவுண்டு நான் என்ன பண்ணினேன்னு உங்க தாள்லயே இருக்கு. அப்படி ஒரு சண்டை போட்டவனுக்கு இன்னொரு சண்டை கேக்க உரிமை உண்டு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

மேனேஜர் சிரித்தார். "ஒன்பது ரவுண்டுக்கே பட்டம்னா பத்தாவது எதுக்குப்பா?"

"பட்டத்தை யார் கேட்டா? சண்டைதான் கேக்கறேன்."

"பாவம் பாத்தெல்லாம் சண்டை கொடுக்க முடியாது," என்றார் செயலாளர்.

"பாவம் பாக்கணும்னா அவரைப் பாருங்க. மூணு வாரமாச்சு, இன்னும் விலாவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு."

பட்டம் வென்றவன் சட்டென்று கையை எடுத்தான். தலைவி குனிந்து காகிதங்களை அடுக்கினார். சிரிப்பை மறைத்தாரோ என்னவோ.

இரண்டுக்கு ஒன்று என்று கோரிக்கை தள்ளுபடியானது. அந்த ஒன்று தலைவியுடையது. "வரிசையில இருக்கிற ரெண்டு பேரை ஜெயிச்சுட்டு வாங்க. அப்புறம் இவரால மறுக்க முடியாது," என்றார்.

"யாரு அந்த ரெண்டு பேரு?" என்று அங்கேயே கேட்டான் அவன்.

மறுநாளிலிருந்து அக்கா அவன் தாடைக்கும் வலது கைக்கும் நடுவே ஒரு மடித்த காலுறையைச் செருகி வைத்துப் பயிற்சி செய்யச் சொன்னாள். காலுறை விழுந்தால் இன்னும் பத்து நிமிடம். முதல் நாள் பதினோரு முறை விழுந்தது. மூன்றாம் மாதம் அது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

முதல் ஆளை ஏழாவது ரவுண்டில் சாய்த்தான். இரண்டாமவன் லேசுப்பட்டவன் இல்லை. பீரோவின் மூக்கை உடைத்தான். கடைசி மணி அடிக்கும்வரை விடாமல் துரத்தினான். ஒரே ஒரு புள்ளியில் பீரோ ஜெயித்தான். "அதிர்ஷ்டம்டா உனக்கு" என்றார்கள். மூக்கில் பஞ்சோடு, "அதுவும் எனக்கு வரவேண்டியதுதான்" என்றான்.

தோற்றுப் பதினாலு மாதம் கழித்து, மறுசண்டைக்கு ஒப்பந்தம் போட உட்கார்ந்தார்கள். எல்லாம் பேசி முடிந்தது. ரவுண்டு எண்ணிக்கை மட்டும் பாக்கி. எட்டு முதல் பன்னிரண்டுவரை இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்பது விதி.

"எட்டு போதும்," என்று அவசரமாகச் சொன்னார் மேனேஜர். போன தடவை பத்தாவது ரவுண்டில் தன் ஆளின் கால் தள்ளாடியதை அவரும் பார்த்திருந்தார்.

"பன்னெண்டு," என்றான் பீரோ.

அக்கா மேஜைக்கு அடியில் அவன் காலை அழுத்தி மிதித்தாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மேனேஜரை விட்டுவிட்டுப் பட்டம் வென்றவனை நேராகப் பார்த்தான்.

"பன்னெண்டு. ஒண்ணுகூடக் குறையாது."

மேனேஜர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பட்டம் வென்றவன் அவரைக் கையமர்த்தினான். பிறகு பேனாவைத் தன் பக்கம் இழுத்து, 'பன்னிரண்டு' என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.