கட்டம்போட்ட சட்டையும் கறுப்பு வேட்டியும்

என் கணவர் சந்திரசேகருக்குச் சட்டை எடுப்பது என் வேலையாக இருந்தது. அரைக்கை, கட்டம்போட்டது, வெளிர் நிறம். புதுச் சட்டையை இரண்டு முறை துவைத்துக் கொஞ்சம் சாயம் போன பிறகுதான் உடம்பில் மாட்டுவார். இஸ்திரி கூடவே கூடாது.

"மடிப்பு கலையாத சட்டையப் பார்த்தா வர்றவங்க நிமிர்ந்து உக்காந்துக்கறாங்க கலா. நிமிர்ந்து உக்காந்தவன் மனசுல இருக்கறத எங்க சொல்லப்போறான்?" என்பார்.

அவர் மனநல ஆலோசகர். திருப்பதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவர் ஆட்களைப் பார்க்கும் இடம். தொழில் தொடங்கிய புதிதில் டை கட்டிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் வந்த பையன் அவரைப் பார்த்ததும் வேலைக்கான இன்டர்வியூ என்று நினைத்துவிட்டான். என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, எந்த ஷிப்ட் என்றாலும் சம்மதம், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்று பதில் சொன்னானாம். அன்று சாயங்காலமே டை பரணுக்குப் போனது.

யார் என்ன சொன்னார்கள் என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் இப்போது எழுதுவதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, அல்லது அவரிடம் வந்துகொண்டிருந்த பழனியே பிற்பாடு என்னிடம் சொன்னது. "தாராளமா எழுதுங்கக்கா, எல்லாரும் சிரிக்கட்டும்" என்று அவனே சொல்லிவிட்டான்.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்த காலம். பழனி அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினான். சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவன் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன். வேலை நேரத்தில் தூங்கி விழுகிறான் என்று கம்பெனியிலிருந்து இவரிடம் அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை லீவு. நாகலாபுரம், புத்தூர் வழியாக பஸ் பிடித்து வருவான். முறை வரும்வரை போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நான் உப்புமாவோ இட்லியோ கொடுப்பேன்.

"ஊட்டுல துன்னுட்டு வரலியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊட்டுல யாரு கீறாங்கக்கா? கல்பனா கொழந்தைய தூக்கிக்கினு அம்மா வூட்டுக்குப் போய்ட்டா."

கல்பனா அவன் மனைவி. அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போயிருந்தாள். 'நீ பண்ண காரியத்த ஒரு மனுசங்கிட்டயாவது உன் வாயால நெசமா சொல்லு. அப்புறம் எனக்கு போன் பண்ணு.' பொங்கலுக்குள் சொல்லவில்லை என்றால் அண்ணனோடு பெங்களூருக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விடுவாளாம்.

"அப்படி இன்னா பண்ணே? எங்கிட்ட சொல்லேன்."

"உங்ககிட்ட எப்டிக்கா? சோறு போட்ட கை."

"சரி, சார்கிட்ட சொல்லு."

"அவருகிட்ட சொல்லலாம்க்கா. அவரப் பார்த்தா எங்க ஊரு போஸ்ட்மேன் மாதிரியே கீறாரு. அடுத்த புதன்கிழமை சொல்லிடறேன்."

அந்த அடுத்த புதன்கிழமைக்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. என் தம்பி ஒரு விபத்தில் பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டு, இவர் முதன்முறையாக ஐயப்பனுக்கு மாலை போட்டார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் சந்தனம், செருப்பு இல்லாத கால். மாலை போட்டவர் மனிதர் இல்லை, சாமி. வயதில் மூத்தவர்களும் காலில் விழுவார்கள். அவரும் பதிலுக்கு எல்லோரையும் சாமி என்பார், பெண்களை மாதா என்பார். கட்டிய பெண்டாட்டியையும்தான். "மாதா, காபி" என்று அவர் கேட்ட முதல் நாள் நான் டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

வீட்டில் சிரிப்பு. முன்னறையில்தான் சிக்கல். வாராவாரம் வந்து மருமகளை வாய் ஓயாமல் திட்டித் தீர்க்கும் செல்லியம்மா, அந்த வாரம் மேஜைமேல் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கும்பிட்டாள். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று இவர் கேட்டதற்கு, "தங்கம் சாமி" என்றாளாம். அதை அவளே வெளியே வந்து என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். "சாமிகிட்ட போயி அவ பேச்ச எடுப்பாங்களாடி?"

பழனி வந்தான். இவரைப் பார்த்ததும் வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எழுந்திருங்க சாமி. உள்ள வாங்க. என்னவோ சொல்றேன்னீங்களே?"

"ஒண்ணுமில்ல சாமி. எல்லாம் நல்லா கீது சாமி."

உள்ளே போனவன் போன வேகத்தில் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தான். கேட்டருகே நின்று, "சார் எப்பக்கா மாலைய கழட்டுவாரு?" என்று கேட்டான்.

"மகர ஜோதி பார்த்துட்டு வந்து. பொங்கலுக்கு அப்புறம்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "அதுக்குள்ள அவ பெங்களூர் பஸ் ஏறிடுவாளேக்கா."

அன்று இவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். கை கழுவிவிட்டு, "இன்னிக்கு வந்தவங்க யாருமே ஒண்ணுமே சொல்லல மாதா" என்றார்.

நேர்ந்து போட்ட மாலையை நடுவில் கழற்ற முடியாது. துணியை மாற்றலாமே என்று எனக்குத் தோன்றியது. மாலையோடு ஆபீஸ் போகிறவர்கள் யூனிபார்ம் போடவில்லையா? மாலை போட்டுவிட்ட குருசாமி ஏகாம்பரத்திடம் கேட்டு, சரி என்று சொல்லவும் வைத்தேன். மறுவாரம் பீரோவிலிருந்து கட்டம்போட்ட சட்டை வெளியே வந்தது. சட்டைக்கு மேலே துளசி மாலை, அதற்கு மேலே வளர்ந்த தாடி, கீழே பேண்ட், வெறுங்கால். பாதி போஸ்ட்மேன், பாதி சாமி.

பழனி அவரை ஏற இறங்கப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"எனக்கோசரமா சாமி கறுப்ப வுட்டீங்க? ஏற்கெனவே பண்ண பாவம் பத்தாதா? இதுவும் சேரணுமா?"

உட்காரக்கூட இல்லை. ஓடியே போய்விட்டான்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. கல்பனாவின் அண்ணன் பெங்களூரில் அறை பார்த்துவிட்டான் என்ற சேதி மட்டும் அவனிடமிருந்து போனில் வந்தது. இவர் புதன்கிழமை முழுவதும் போர்ட்டிகோவுக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அதற்கும் அடுத்த புதன்கிழமை கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் புத்தம்புது மாலை, நெற்றி நிறைய சந்தனம். எனக்கு யாரென்றே தெரியவில்லை.

"சாமி சரணம் மாதா" என்றான் பழனி.

இவர் உள்ளேயிருந்து வந்தார். மறுபடியும் கறுப்புக்குத் திரும்பியிருந்தார். பழனி குனிவதற்குள் இவர் அவன் காலில் விழுந்துவிட்டார். மாலை போட்டவரை மாலை போட்டவர் வணங்குவது வழக்கம்தான். ஆனால் பழனி பதறிப் பின்வாங்கியதில் பிளாஸ்டிக் நாற்காலி சாய்ந்தது.

"ஐயோ சார், என் கால்லியா!"

"சார் இல்ல சாமி. நீங்களும் சாமி, நானும் சாமி. வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. நான் அரிசி களைந்து உலை வைத்து, வடித்தும்விட்டேன். கதவு திறந்தபோது பழனியின் சந்தனமெல்லாம் கண்ணீரில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. முகம் மட்டும் குளித்தது போல இருந்தது.

போர்ட்டிகோவில் நின்றே போனை எடுத்தான். சைனா செட். அதில் எதிர்ப்பக்கம் பேசுவதும் தெருமுனைவரை கேட்கும்.

"சாமி சரணம் மாதா."

"யாருங்க?"

"பழனி சாமி பேசறேன் மாதா. நல்லா கீறீங்களா?"

"குடிச்சிக்கிறியா?"

"இல்ல மாதா. மாலை போட்டுக்கினு கீறேன். சொல்லிட்டேன் மாதா, சார் சாமிகிட்ட. கொழந்தைக்கு மொட்ட போட்ட அன்னிக்கு கம்பெனியில லீவு தரலன்னு சொன்னது பொய்யி. நீங்கள்லாம் திருப்பதி மலைமேல எனக்கோசரம் காத்துக்கினு இருந்தப்போ, நான் குடிச்சிட்டு கீழ பஸ் ஸ்டாண்டுல வுழுந்து கெடந்தேன் மாதா."

"தெரியும். அன்னிக்கு ராத்திரியே நாத்தத்துல தெரியும்."

"தெரியுமா மாதா? அப்புறம் ஏன் கேக்கல நீங்க?"

"நீங்களா?" என்றாள் கல்பனா. சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். அவள் பக்கத்தில் குழந்தையும் காரணம் தெரியாமல் சிரித்தது. இங்கே இவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். சாமி சத்தமாகச் சிரிக்கலாமா என்று அவருக்கு ஏதோ சந்தேகம்.

கல்பனா பெங்களூர் போகவில்லை. உடனே திரும்பி வந்துவிடவும் இல்லை. மாலை கழற்றிய பிறகு பார்க்கலாம் என்றாள். கெட்டிக்காரி.

பொங்கல் கழிந்த புதன்கிழமை இவர் தாடி எடுத்து, பழைய கட்டம்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். பழனி பேண்ட் சட்டையில் வந்து வாசலில் தயங்கினான். பின்னால் கல்பனா. அவள் இடுப்பில் முடி முளைத்த தலையோடு குழந்தை.

"வா பழனி. இப்ப சார்னே கூப்பிடலாம்."

"வாயில வரமாட்டேங்குது சாமி" என்றபடி உள்ளே போய், முதுகை வளைத்து வசதியாக உட்கார்ந்தான். அதன்பின் இரண்டு முறை குடியில் சறுக்கினான். இரண்டு முறையும் அவனே வந்து சொன்னான். பிறகு சறுக்கவில்லை.

இவர் போய் மூன்று வருஷமாகிறது. பீரோவில் இருந்த கட்டம்போட்ட சட்டைகளில் இரண்டைப் பழனி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இப்போது அவன் லைன் சூப்பர்வைசர். லீவு நாளில் அதைத்தான் போடுகிறானாம், இஸ்திரி போடாமல். போன மாதம் கல்பனா வந்திருந்தாள். வீட்டில் எல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா கீறாருக்கா. எதுனா மறைச்சா மட்டும் தானா வாயில மாதான்னு வந்துடுது. அப்புறம் நான் ஒண்ணும் கேக்கவே வேணாம். அதுவே உக்காந்து எல்லாத்தையும் சொல்லிடும்."