உள்ளே ஆள் இருக்கு

டாக்டர் விஜயசங்கரிடம் போனால் அரை நாள் போய்விடும் என்று குறை சொல்லாத ஆள் தென்காசியில் கிடையாது. சொல்லிவிட்டு அங்கேதான் போவார்கள். வந்தவர் சொல்லி முடிக்கும்வரை மனுஷன் பேனாவைத் தொடமாட்டார். போன வருஷம் தலைவலி என்று போன பேராச்சி, மகள் செத்துப்போனதை முக்கால் மணி நேரம் அவர் முன்னால் அழுது தீர்த்துவிட்டு வந்தாள். அதிலிருந்து அவள் புருஷன் முத்துக்குமாரசாமிக்கும் டாக்டர்தான் தெய்வம்.

இன்றைக்குச் சுரண்டையிலிருந்து பஸ் ஏறியது முத்துக்குமாரசாமிக்காக. காலையிலிருந்து நெஞ்சை என்னவோ செய்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்து ஊரே குளிர்ந்து கிடக்கிறது, அவருக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ் நெரிசல்தான் காரணம் என்று பேராச்சி முந்தானையால் விசிறிவிட்டாள்.

அடுத்த டோக்கன் அவர்களுடையது. உள்ளே ஷரீபுன்னிசா என்கிற அம்மா அழுவது கதவைத் தாண்டிக் கேட்டது. சவூதியில் இருக்கிற மகன் போன் பண்ணி நாலு மாசமாகிறதாம். அரை மணி நேரம் ஓடிவிட்டது.

“எடது கை கடுக்குது” என்றார் முத்துக்குமாரசாமி.

“கதவத் தட்டி ஒரு வார்த்த சொல்லட்டா?”

“ஏட்டி, சும்மா இரு. அந்தம்மா அழுதுக்கிட்டிருக்கு. நீ அழுதப்ப யாராவது எடையில வந்து நின்னுருந்தா ஒனக்கு எப்படி இருந்திருக்கும்?”

வாஸ்தவம்தான் என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் அவள் தோளில் சாய்ந்தார். கண் அசந்துவிட்டார் என்று நினைத்து, சத்தமாகப் பேசிய நர்ஸிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினாள் பாவி.

டோக்கன் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஓடி வந்து தரையில் மண்டியிட்டு, வேர்த்து ஒழுக நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்தார்.

“அப்பமே கதவத் தட்டியிருந்தா பொழச்சிருப்பாகளா சார்?”

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்து, “சொல்லுங்கம்மா” என்றார். போன வருஷம் சொன்ன அதே குரல்.

கெட்ட டாக்டராக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஆத்திரம் தீரத் திட்டக்கூட அவளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

நிமிர்ந்து பார்த்தாள். டோக்கனோடு பத்துப் பதினைந்து பேர், குழந்தையைத் தோளில் போட்டவள், சுவரைப் பிடித்து நிற்கிறவர், எல்லாரும் அவளுக்காக மூச்சுக் காட்டாமல் காத்திருந்தார்கள்.

பேராச்சி கையை உருவிக்கொண்டாள்.

“எந்திரிங்க சார். அவுக யாரும் வாயத் தொறந்து சொல்லமாட்டாக. நீங்களாப் போயிப் பாருங்க.”