மூன்றாவது வரி

கடை வாசலில் ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டிருந்த ஆலிஸ்டரைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரத்துக்காரன். அரசியல் சட்டத்தில் பழங்குடிகளான எங்கள் மக்களுக்கு இடம் கேட்கும் அறிக்கையை எங்கள் பாஷையில் ஊர் ஊராகப் போடுவது அவன் வேலை. அந்த இடத்தைக் கொடுக்கலாமா என்று நாடு முழுக்க நடக்கும் வாக்கெடுப்புக்காக மதியம் இரண்டு மணிக்கு வாக்குப்பெட்டி வண்டி வருகிறது. அதற்குள் ஊர் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று அவனைவிட நான்தான் தவித்தேன். நானும் அண்ணனும் மூன்று மாதம் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. பதிவில் பேசியது அண்ணன்.

அண்ணன் போய் ஐந்து வாரம் ஆகிறது. எங்களில் இறந்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை. குடும்பம் சம்மதிக்கும்வரை குரலைக் கேட்பதும் இல்லை. இதை அவன் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் போட்டுச் சொன்னேன். நானே புதிதாகப் பேசித் தருகிறேன் என்றும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"யோவ், எந்தப் பதிவுய்யா அது?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"பழசுதாங்க நோலீன். புதுசு எடுக்க நேரமில்ல." பொத்தானை அழுத்திவிட்டான்.

அண்ணன் பேசினான். மாவுப் பையோடு கடையிலிருந்து வந்த அண்ணி டாஃப்னி பையைப் போட்டுவிட்டு அலறினாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் குனிந்த தலையோடு வண்டிகளில் ஏறினார்கள். நான் ஒயரைப் பிடுங்கி எறிவதற்குள் வாசலில் நாய்கள்தான் மிச்சம்.

"எல்லாரும் எங்க போறாங்க? ரெண்டு மணிக்கு ஓட்டு இருக்கே!"

"துக்கம் காக்க ஊரவிட்டுப் போறாங்க. இனி ஒருத்தரும் வர மாட்டாங்க. திருப்தியா?"

"எனக்கு யாரும் சொல்லலீங்க..."

"ரெண்டு தடவ சொன்னேன்யா! அந்த அறிக்கைய இங்கிலீஷ்ல கொண்டாந்து குடுத்தது நீதானே? மூணாவது வரி என்ன, சொல்லு."

அவன் குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"எங்களப் பத்தி எதையும் செய்யறதுக்கு முன்னாடி எங்களக் கேளுங்க. அதான்யா மூணாவது வரி."

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. மேசை போட்டார்கள். நான் ஒருத்திதான் ஓட்டுப் போட்டேன். வெளியே வந்தபோது ஆலிஸ்டர் காரின் மேல் தாளை வைத்து ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தான். எட்டிப் படித்தேன்.

'இந்த ஊர் மக்களுக்கு ஆர்வம் இல்லை.'