பாதி வணக்கம்

உள்ளங்கை அகல மெஷினைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு அத்தான் சின்னவளின் முகத்தையே பார்த்தார். திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும். நேற்று வரை அங்கே அவர் ஒரு வாரமாகத் தட்டிச் சேர்த்த அறுபது வாக்கியங்கள் இருந்தன. தொட்டால் மெஷின் படித்துக் காட்டும். தொண்டை அறுவைக்குப் பிறகு குரல் போய்விட்ட கணக்கு வாத்தியார், ஆறு மாதம் கழித்து இன்று பத்து மணிக்கு வகுப்புக்குப் போகிறார். மெஷினுக்கு நிரல் எழுதியவள் மச்சினியான சின்னவள்தான்.

"அணைச்சீங்களா அத்தான்?"

தலையாட்டினார். அவள் லேப்டாப்பை இழுத்தாள். இத்தனை நாளும் அணைக்காமலேதான் சோதித்துப் பார்த்திருக்கிறாள். லேப்டாப்பில் கோப்பைத் திறந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"இவர் எழுதுனது கோப்புக்குள்ள போகவே இல்லக்கா. மெஷினோட நினைவுல அது எந்த இடத்துல இருக்குங்கிற விலாசம் மட்டும்தான் போயிருக்கு. அணைச்சதும் அந்த இடம் காலி."

"வீட்டை இடிச்சிட்டு விலாசத்தைப் பத்திரமா வெச்சிருக்கே," என்றாள் அக்கா, சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

அத்தானின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சின்னவளுக்குக் கை ஓடியது. வாக்கியங்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஆகவே முதலில் நீளத்தை எழுத வேண்டும், பின்னாலேயே எழுத்துகளை. திரும்பப் படிக்கும்போது நீளத்தைப் பார்த்து அந்த அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். மணி ஒன்பது. 'வணக்கம் பிள்ளைகளா' என்று தட்டி, மெஷினை அணைத்து மறுபடி இயக்கினாள்.

'வணக்க' என்று வந்து நின்றது.

நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடித்த கை இறங்குவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எழுத்தை எண்ணிட்டேன். நம்ம எழுத்து ஒவ்வொண்ணும் கோப்புல மூணு இடம், ஆறு இடம்னு பிடிக்கும். இடத்தை எண்ணியிருக்கணும்."

ஒரே ஒரு வரியை மாற்றினாள். அணைத்தாள். பேட்டரியையே கழற்றி மேஜையில் வைத்து, பத்து வரை எண்ணி, மாட்டினாள்.

"வணக்கம் பிள்ளைகளா," என்றது மெஷின்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு," என்றாள்.

அறுபதையும் மறுபடி தட்ட நேரமில்லை. பள்ளிக்குப் போகிற ஆட்டோவில் அத்தான் சின்னவளுக்குத் தெரியாமல் கையால் மறைத்து மறைத்து எதையோ தட்டிக்கொண்டே வந்தார். வாசலில் மெஷினை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

சின்னவள் வராந்தாவில் நின்றாள். உள்ளே ஒரே இரைச்சல். அத்தான் மெஷினை மறுபடி இயக்கி, உயர்த்திப் பிடித்தார்.

"கடைசி வரிசை, போன ஆறு மாசமா நீங்க பேசினது போதும், இனிமே நான் பேசுறேன்."

எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அத்தான் அதற்குள் கரும்பலகைப் பக்கம் திரும்பி, சாக்கட்டித் தூள் பறக்க ஒரு நீண்ட கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.