குசினிப் பக்கத்து வேலி

நாற்பது ஏக்கர் காணி. அடுத்த வீடு கண்ணுக்கு எட்டாது. எட்டிப் பார்க்க மாடுகளை விட்டால் ஆளில்லை. அங்கேயும் போய் வீட்டைச் சுற்றி வேலி அடைத்த மனிதர் யோகேஸ்வரன். ஊரில் வேலிக்கு நடுகிற கிளுவை கிடைக்காத நாட்டில் சைப்ரஸ் கன்றுகளை நெருக்கி நட்டு, குசினி யன்னலை மறைக்கிற உயரத்துக்கு வளர்த்துவிட்டார். நகரத்துப் பக்கம் கிளென் வேவர்லியிலிருந்து வருகிற சிநேகிதர்கள், யாழ்ப்பாணத்தானுக்கு வேலி இல்லாவிட்டால் நித்திரை வராது என்று பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாசியில் அந்த மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்றிலிருந்து அவர் மனைவி தாட்சாயினிக்கு எல்லாம் மரத்துப்போயிருந்தது. கறியில் உப்புக் கூடினாலும் தெரிவதில்லை.

இப்போது கார்த்திகை. இந்த நாட்டில் மார்கழியில் காட்டுத்தீயோடு வருகிற கோடைக்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக, தீயணைப்புத் தொண்டர் மரியன் படிவத்தோடு வந்திருந்தாள். தண்ணீர்த் தாங்கி சரி, பம்ப் சரி, படலை அகலமும் சரி. வேலிக்கு முன்னால் வந்ததும் பேனையை மூடினாள். சுவரிலிருந்து பத்து மீற்றருக்குள் இந்த மரம் நிற்கவே கூடாது, எண்ணெய் ஊற்றின மாதிரி எரியும், இதை வைத்துக்கொண்டு கோடையில் இங்கே தங்குவது உயிரோடு விளையாடுவது என்றாள்.

தாட்சாயினிக்கோ இங்கேதான் தங்க வேண்டும். மாசியில் வருகிற ஆண்டுத் திவசத்தையும் அவர் கட்டின இந்த வீட்டில்தான் செய்ய வேண்டும்.

அன்று அங்கே வந்திருந்த யோகேஸ்வரனின் தம்பி பிரஷாந்தனுக்கு முகம் கறுத்தது. அண்ணன் கைப்பட நட்டதை வெட்டக்கூடாது, அண்ணி கோடை முழுக்கத் தன் வீட்டில் வந்து இருக்கட்டும் என்றான். பிறகு குரலைத் தணித்தான்.

"அண்ணாக்கு வேலி விசர், அண்ணி. அவற்ற ஆசையெண்டு இது ஒண்டுதான் மிஞ்சியிருக்கு."

தாட்சாயினி மரங்களைப் பார்த்தாள். இங்கே வந்த முதல் கிழமை, குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கையில் முதுகுக்குப் பின்னால் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கிறதென்று அவள்தான் சொன்னாள். அடுத்த நாளே மனிதர் கன்றுகளோடு வந்து இறங்கினார். பகிடியெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டாரே தவிர, ஒருநாளும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

"அவற்ற ஆசை இல்லைத் தம்பி. நான்தான் கேட்டனான்," என்றாள். "வெட்டுங்கோ."

சனிக்கிழமை மரம் அரிகிற வாள்காரர் வந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. யன்னலால் வெயில் நேரே வந்து அடுப்பில் விழுந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று தாட்சாயினி கொஞ்ச நேரம் காத்து நின்றாள். வரவில்லை. யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உலை வைத்தாள். பின்னால் யாரும் பார்க்கிற மாதிரி இருக்கவில்லை. யாராவது பார்க்க மாட்டார்களா என்றிருந்தது.